மலிவான டிக்கெட், ஆருடைய செலவில?



ஹெல்ப் டெஸ்க் மென்பொருள் பற்றி இந்த மடலில ஏன் எழுதவேணும் எண்டு சிலர் கேட்பீர்கள். எங்கட அப்பா அம்மாக்களில கனபேர் இந்த நகரத்துத் தொழிற்சாலை லைனில நிண்டவை. எங்களில கனபேருக்கு லைன் எண்டது கணினித் திரையில இருக்கு. வாடிக்கையாளர் அனுப்புற ஒவ்வொரு ஈமெயிலும் ஒரு டிக்கெட்டாகி, வரிசையில நிண்டு, கடைசியில ஒரு தொழிலாளியின்ர பேரில விழுகுது. அந்த வரிசையை நடத்துற இயந்திரம்தான் இந்த மென்பொருள். அது ஒரு வேலையிட நிபந்தனை.

நான் ஸ்காபரோவில ஐந்து பேர் வேலை செய்யிற ஒரு சின்ன ஐ.டி. கம்பனியில இருக்கிறன். பல் வைத்தியர், கணக்காளர், அகதி வழக்குப் பார்க்கிற சட்டத்தரணி எண்டு வாடிக்கையாளர்கள் இருக்கினம். இந்த வருசம் நாங்கள் ஒரு மென்பொருள் தேடினம். மலிவா இருக்கவேணும் எண்டதில எல்லாருக்கும் உடன்பாடு. எது மலிவு எண்டதிலதான் வாக்குவாதம்.

இந்தச் சந்தையில விலை பெரும்பாலும் ஆளுக்கு, மாசத்துக்கு, அதுவும் அமெரிக்க டொலரில. ஆளுக்கு 50 டொலர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ: ஐந்து பேருக்கு வருசம் 3,000. கனடா டொலரில அது இன்னும் கூட. புதுசா ஒருத்தரை வேலைக்கு எடுத்தா சம்பளத்தோட ஒரு வாடகையும் சேரும். இதைவிடப் பெரிய ஆபத்து, அந்த வாடகையை ஏத்துற அதிகாரம் எங்கட கையில இல்லாததுதான்.

இதுக்குச் சரியான உதாரணம் சென்னையில இருக்கு. 2010இல ஸென்டெஸ்க் கம்பனி விலையை ஏத்தினபோது வாடிக்கையாளர்கள் இணையத்தில கொதிச்சவை. அப்ப சோஹோவில வேலை செய்த கிரிஷ் மாத்ருபூதம் அதில ஒரு கருத்தைப் படிச்சுத்தான் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினவர். சின்னக் கம்பனிகளுக்குக் கட்டுப்படியாகிற விலை எண்டதுதான் அதின்ர வாக்குறுதி. பிறகு ஃப்ரெஷ்வொர்க்ஸ் எண்டு பேர் மாறி, 2021 செப்ரெம்பரில அமெரிக்காவின்ர நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போய், 100 கோடி டொலருக்கு மேல திரட்டினது. "எங்கட தமிழ் ஆக்கள்" எண்டு இஞ்சயும் எல்லாரும் பெருமைப்பட்டம்.

2024 நவம்பரில அதே கம்பனி ஏறக்குறைய 660 பேரை, மொத்த ஊழியர்களில 13 வீதத்தை, வீட்டுக்கு அனுப்பினது. வருமானம் வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. அதே நாட்களில, 40 கோடி டொலருக்குத் தன்ர பங்குகளைத் தானே திருப்பி வாங்கப்போறதாயும் அறிவிச்சது. ஸென்டெஸ்க்கோ 2022இலேயே ஏறக்குறைய 1,020 கோடி டொலருக்குத் தனியார் முதலீட்டு நிறுவனங்களின்ர கைக்குப் போயிட்டுது. இதில தனிமனிதர் ஆரையும் கெட்டவர் எண்டு சொல்லத் தேவையில்லை. மலிவு விலை எண்டது சந்தையைப் பிடிக்கிற காலத்து விலை. முதல் போட்டவைக்குக் கணக்குக் காட்டுற நாள் வந்தா, அதை வாடிக்கையாளரும் தொழிலாளியும்தான் கட்டவேணும். கம்பனி தொடங்கினவர் தமிழர் எண்டதால இந்தக் கணக்கு மாறாது.

இரண்டாவது விசயம் கண்காணிப்பு. முதல் பதிலுக்கு எத்தனை நிமிசம், ஒரு நாளில எத்தனை டிக்கெட் மூடினது, வாடிக்கையாளர் எத்தனை புள்ளி தந்தவர் எண்டு இந்த மென்பொருள்கள் எல்லாத்தையும் அளக்கும். ஃப்ரெஷ்டெஸ்க்கில வேலையை விளையாட்டாக்கி, புள்ளியும் பட்டமும் குடுத்து, ஊழியர்களை ஒரு பட்டியலில ஏத்தி இறக்கிற வசதியே இருந்தது. இந்த அளவைகளில கனக்க, தலைக்குமேல நிண்டு பார்க்கிற மேற்பார்வையாளரின்ர வேலையைத்தான் செய்யுது.

ஒன்ராறியோவில 2022 ஒக்ரோபரில இருந்து, மின்னணுக் கண்காணிப்புப் பற்றி முதலாளி எழுத்தில கொள்கை வைச்சிருக்கவேணும். ஆனா 25 ஊழியர் அல்லது அதுக்கு மேல இருந்தால்தான் அந்தச் சட்டம். அதுவும் "கண்காணிக்கிறம்" எண்டு சொல்லச் சொல்லுதே தவிர, கண்காணிக்காதே எண்டு சொல்லேல்லை. எங்கட சமூகத்தில கனபேர் வேலை செய்யிறது ஐந்து, பத்துப் பேர் இருக்கிற இடங்களில. அங்க எந்த அளவையை நிப்பாட்டுறது எண்டதைச் சட்டம் தீர்மானிக்காது. மென்பொருளைத் தெரிவு செய்யிற நாளிலதான் அது தீர்மானமாகுது.

மூன்றாவது, டிக்கெட்டுக்குள்ள இருக்கிற தகவல். கடவுச்சொல்லும் வழக்குக் கோப்பின்ர படமும் ஆக்கள் யோசிக்காமல் அனுப்புவினம். அமெரிக்கக் கம்பனியிட்ட இருக்கிற தரவு எந்த நாட்டில கிடந்தாலும், 2018இன் கிளவுட் சட்டத்தின்படி அமெரிக்க அரசு அதைக் கேட்டு வாங்கலாம். அகதி வழக்கு ஒண்டின்ர கோப்புக்கு இது சின்ன விசயமில்லை. தரவைச் செயலாக்க வேற ஒருத்தரிட்ட குடுத்தாலும் பொறுப்பு எங்களோடதான் எண்டு கனடாச் சட்டமும் சொல்லுது.

அப்ப என்ன வழி? ஸமாட், ஃப்ரீஸ்கவுட், ஓஎஸ்டிக்கெட் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் இருக்கு. கனடாவில ஒரு சின்னச் சேர்வரை வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டலாம். அடிப்படை மென்பொருளுக்கு ஆள்கணக்கில வாடகை இல்லை. விருப்பமில்லாட்டி எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு வெளியேறலாம்.

ஆனா "இலவசம்" எண்டும் ஏமாறவேண்டாம். புதுப்பிக்கிறது, பேக்கப் எடுக்கிறது, ஈமெயில் நிண்டா இரவில பார்க்கிறது எல்லாம் உழைப்பு. அதை ஆக இளைய ஆளின்ர தலையில சம்பளமில்லாமல் கட்டினா, சுரண்டல் கலிபோர்னியாவில இருந்து ஸ்காபரோவுக்கு வந்திட்டுது, அவ்வளவுதான். மாசத்துக்கு நாலைந்து மணித்தியாலம் எண்டு கணக்கிட்டு, கூலி குடுத்து, அதையும் சேர்த்துத்தான் ஒப்பிடவேணும். அதுக்கு ஆள் இல்லையெண்டா காசு கட்டி ஒரு சேவையை எடுக்கிறது தப்பில்லை. அப்பவும் தரவை முழுசா வெளியில எடுக்கேலுமோ எண்டதைக் கையெழுத்து வைக்க முதல் பரிசோதிச்சுப் பாருங்கோ.

உங்கட வேலையிடத்தில அடுத்த முறை இந்தப் பேச்சு வந்தா மூண்டு விசயம் கேளுங்கோ. விலை ஏறினா வெளியேறலாமோ? எந்தெந்த அளவையை நிப்பாட்டி வைக்கப்போறம்? டிக்கெட்டுக்குப் பதில் எழுதுற ஆள் இந்தத் தீர்மானத்தில இருக்கிறாரோ? மூண்டாவதுக்கு "இல்லை" எண்டு பதில் வந்தா, மற்ற இரண்டுக்கும் நல்ல பதில் கிடைக்கும் எண்டு நான் நம்பேல்லை.