மாணவர்கள் வந்து சேரக்கூடிய ஊர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் இறுதிக்கட்டமான ‘ஃப்ரோசன் ஃபோர்’ எந்த நகரில் நடக்கும் என்பதை கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்துவிடுகிறது. ஆனால் ஆடப்போகும் நான்கு அணிகள் எவை என்பது, போட்டிக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில்தான் தெரியவரும். தேர்வுகள் நெருங்கும் ஏப்ரலில், அந்தக் குறுகிய காலத்துக்குள் மாணவர்கள் விமானச் சீட்டும் தங்குமிடமும் தேட வேண்டும்.

1948 முதல் 1957 வரை கொலராடோ ஸ்பிரிங்ஸிலேயே நடந்த போட்டி, பிறகு ஊர் ஊராகச் சென்றது நல்லதே. ஆனால் 2012, 2016, 2023 என மூன்று முறை அது டாம்பாவுக்குப் போனது. அந்நகரம் இருக்கும் ஃபுளோரிடா மாநிலத்தில் முதல் பிரிவுக் கல்லூரி ஹாக்கி அணி ஒன்றுகூட இல்லை. மாறாக, ஹாக்கி வேரூன்றிய டெட்ராய்ட்டில் 2010 இறுதி ஆட்டத்தைக் காண 37,592 பேர் திரண்டார்கள். அந்த ஆண்டு நான்கு அணிகளில் ஒன்றுகூட டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநில அணி அல்ல!

புதிய ஊர்களுக்கு ஆட்டத்தைக் கொண்டுசெல்வதை நான் எதிர்க்கவில்லை. அது எப்போதாவது நடந்தால் போதும். மற்ற ஆண்டுகளில் செயின்ட் பால், பாஸ்டன், டெட்ராய்ட் போன்ற நகரங்களுக்கே முன்னுரிமை தர வேண்டும். எந்த ஊரானாலும், மலிவு விலையில் மாணவர் இருக்கைகளை ஒதுக்குவதை நிபந்தனையாக்க வேண்டும். கல்லூரிப் போட்டியில் முதல் உரிமை மாணவர்களுக்கே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மினசோட்டா