அக்காவுடன் ஒரு வியட்நாம் திட்டம்



இந்த மாதம் பிரச்சினை எதையும் எழுதாமல், விடுமுறைப் பயணம் ஒன்றுக்குத் திட்டம் போடும் கதையை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிகிறது, அதற்குள்ளும் நம் வீட்டுப் பிரச்சினைகள் எல்லாம் வந்து குந்திக்கொள்கின்றன என்று.

என் அக்காவுக்கு வயது 49. குவைத்தில் ஒரு வீட்டில் 9 வருடங்கள் பணிப்பெண்ணாக இருந்தவர். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்தது அவர் அனுப்பிய காசில். திரும்பி வந்த பின் முன்விறாந்தையில் தையல் மெசினைப் போட்டுக்கொண்டு ஊராருக்குச் சட்டை தைக்கிறார். "வெளிநாடு பார்த்த மனுசி" என்று அவரைச் சொல்வார்கள். அவர் பார்த்ததோ ஒரு சமையலறையும் ஒரு மொட்டைமாடியும் இரண்டு விமான நிலையங்களும்தான். கடலோர நகரத்தில் அத்தனை வருடம் இருந்தும் கடலை இரண்டு தடவைதான் கண்டாராம்.

ஒருநாள் தொலைக்காட்சியில் ஹோய் ஆன் என்ற வியட்நாம் ஊரைக் காட்டினார்கள். ஆற்றங்கரை, மஞ்சள் சுவர் வீடுகள், துணி விளக்குகள், வரிசையாகத் தையற்கடைகள். அளவு கொடுத்தால் ஓரிரு நாளில் உடுப்புத் தைத்துக் கொடுத்துவிடுவார்களாம். அக்கா தைப்பதை நிறுத்திவிட்டு, "உள்தையல் எப்பிடிப் போடுகினமோ தெரியாது, ஒருக்கால் பிரட்டிப் பார்க்கவேணும்" என்றார். அன்றைக்கே மனதுக்குள் முடிவெடுத்தேன். மாதச் சீட்டும் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததுமாக இரண்டு வருடம் சேர்த்தேன்.

சொன்னதும் வீட்டில் புயல். "இந்தக் காசுக்கு ஒரு அறை கட்டலாம்" என்றார் அண்ணா. "இரண்டு பொம்பிளையள் தனியவோ? கதிர்காமம் போனாலும் புண்ணியம் கிடைக்கும்" என்றார் சின்ன மாமி. அக்கா 29 வயதில் குவைத்துக்குப் போனபோதும் தனியத்தான் போனார். அன்று யாரும் "தனியவோ" என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. நான் இதை மாமியிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், வாசிப்பார்.

எப்போது போவது என்பதுதான் முதற் கேள்வி. வியட்நாம் நீளமான நாடு. வடக்கில் மார்கழி, தையில் நல்ல குளிர். நடுப்பகுதியில் ஒக்டோபர், நவம்பரில் பெருமழையும் வெள்ளமும். தெற்கில் மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். மூன்றுக்கும் ஓரளவு பொருந்துவது மார்ச் மாதம். ஹனோயில் அப்போது மெல்லிய தூறல் இருக்கும், அது பரவாயில்லை. ஜனவரி பிற்பகுதியிலோ பெப்ரவரியிலோ வரும் 'தெத்' என்ற அவர்களது புத்தாண்டைத் தவிர்க்க வேண்டும். அந்த நாட்களில் புகையிரதம் எல்லாம் நிரம்பிவிடும், கடைகள் பூட்டியிருக்கும். நமது சித்திரைப் பிறப்பில் கொழும்பு வெறிச்சோடுவது போலத்தான்.

அடுத்தது விசா. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா கட்டாயம். 2023 ஆகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை இணையவழி விசா கொடுக்கிறார்கள். ஒருமுறை நுழைய 25 அமெரிக்க டொலர். அரசாங்கத்தின் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். இடையில் நிற்கும் தரகர் தளங்கள் இதற்கே பலமடங்கு வாங்குகின்றன. எந்த விமான நிலையத்தால் நுழைந்து எதனால் வெளியேறுவது என்பதையும் படிவத்தில் கேட்பார்கள், ஆகவே பாதையை முதலில் தீர்மானித்துவிட வேண்டும்.

அந்தப் பாதையில்தான் நான் பிழை விட்டேன். 12 இரவுகளுக்கு எட்டு இடங்கள் எழுதினேன். வடக்கு மலையில் சாபா, ஹாலோங் குடா, சைகோனில் நூதனசாலைகள் என்று எல்லாம் இருந்தது. ஹோய் ஆனுக்கு ஒரே ஓர் இரவு! படித்தவள் போட்ட பட்டியல். அக்காவிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு பிள்ளை. இதில நான் எங்க இருந்து தேத்தண்ணி குடிக்கிறது?" என்றார்.

கிழித்துப் போட்டுவிட்டு இருவரும் சேர்ந்து புதிதாக எழுதினோம். முழங்கால் வலிக்கு மலை ஏறமுடியாது, சாபா போயிற்று. மேகொங் ஆற்றுப் பக்கம் பென் த்ரே தென்னைக்குப் பெயர்போனது என்றேன். "தென்னை பார்க்க வியட்நாமுக்குப் போகவேணுமோ?" என்றார், அதுவும் போயிற்று. போர் எச்சங்கள் அருங்காட்சியகம் சைகோனில், 1975இல் தொடங்கியது. சமூகப் பணி செய்கிறவள் அதைப் பார்க்காமல் வருவதா என்று கொஞ்சம் வாதாடினேன். "நான் பார்த்ததெல்லாம் காணும்" என்றார் அக்கா. மறுபடி நான் வாய் திறக்கவில்லை.

மிஞ்சியது நான்கு ஊர்கள். கோலாலம்பூர் வழியாக ஹனோயில் இறங்கி, சைகோன் என்ற ஹோ சி மின் நகரில் இருந்து திரும்புகிறோம். போன வழியே திரும்பி வராததால் இரண்டு நாள் மிச்சம்.

ஹனோயில் 4 இரவுகள். பழைய நகரின் தெருக்கள் ஒரு காலத்தில் ஒவ்வொன்றும் ஒரு தொழிலுக்கு இருந்தவை. பட்டுத் தெரு, வெள்ளித் தெரு என்று இன்றும் பெயர் நிற்கிறது. 1070இல் கட்டிய இலக்கியக் கோவிலில் பட்டம் பெற்றோர் பெயர் பொறித்த 82 கற்பலகைகள், ஆமைகளின் முதுகில் நிற்கின்றன. அந்தப் பரீட்சைகளுக்குப் பெண்கள் தோற்ற முடியாது. அதற்குப் பதில் சொல்வதுபோல நகரில் பெண்கள் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. கி.பி. 40இல் சீன ஆட்சியை எதிர்த்து எழுந்த ட்ருங் சகோதரிகள் பெயரில் தெருவும் கோவிலும் உண்டு. படங்களில் இருவரும் யானை மேல் வருவார்கள். "நாங்களும் இரண்டு பேர்தானே, யானை ஒன்று பிடியன்" என்கிறார் அக்கா.

அங்கிருந்து ஹூவேக்கு இரவுப் புகையிரதம், 688 கிலோமீற்றர். நான்கு படுக்கை அறையில் கீழ்ப் படுக்கை இரண்டும் கேட்டுப் பதிய வேண்டும். முழங்கால்காரர் மறக்கவேண்டாம். ஹனோயையும் சைகோனையும் இணைக்கும் இந்தப் பாதை 1936இல் முடிந்தது, போரில் துண்டுபட்டு 1976இல் மறுபடி ஒன்றானது. யாழ்தேவி மீண்டும் ஓடியபோது அழுதவர்கள் நாம், விளக்கவேண்டியதில்லை. ஹூவேயில் நுயென் அரசர்களின் கோட்டையும் கல்லறைத் தோட்டங்களும். பிறகு ஹை வான் கணவாய் வழியாகக் கடலை ஒட்டியே மூன்று மணிநேரப் பயணம் தானாங்குக்கு. அந்த ஓட்டம் பகலில்தான் வரவேண்டும் என்று பிடிவாதமாக நேர அட்டவணை பார்த்தேன். அக்காவுக்குக் கடல் பார்க்க யன்னல் ஓரம்.

ஹோய் ஆனுக்கு இப்போது 3 இரவுகள். சந்திர மாதத்தின் 14ஆம் நாள் இரவு மின்விளக்கை அணைத்துத் துணி விளக்குகள் ஏற்றுவார்கள். பூரணைக்கு முதல்நாள் என்று நம் கலண்டரிலேயே கணக்குப் பார்த்துத் திகதி வைத்திருக்கிறோம். ஒருநாள் காலை மீ சோன். சாம் அரசர்கள் 4ஆம் நூற்றாண்டு முதல் சிவனுக்குக் கட்டிய செங்கற் கோவில்கள், 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பல இடிந்தன. சைகோனில் 2 இரவுகள்தான், ஆனால் அங்கே நம்மவர் கட்டிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ் வணிகர் எழுப்பியது. இன்று அங்கே போய்க் கும்பிடுவோரில் பெரும்பாலோர் வியட்நாமியர். பின்சுவரில் நெற்றியை வைத்து வேண்டுதல் சொல்வார்களாம்.

சாப்பாடு அக்காவின் இலாகா. அங்கே மீன் சாறுதான் உப்புக்குப் பதில் பெரும்பாலான சாப்பாட்டில் விழும். ஆகவே வெள்ளி விரதக்காரருக்கு 'சாய்' என்ற சொல் முக்கியம். சைவம் என்று பொருள். சந்திர மாதத்தின் முதலாம், பதினைந்தாம் நாட்களில் பௌத்தர்கள் பலர் சைவம் என்பதால் சாய் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களது பெயர்போன சூப் 'ஃபோ'. அதில் 'போ' என்றால் மாடு, 'கா' என்றால் கோழி. நாங்கள் 'ஃபோ கா' என்று இரண்டு வாரமாகப் பாடமாக்குகிறோம். 'பூன்' நம் இடியப்பத்துக்குச் சொந்தக்காரி. அரிசிமா, மஞ்சள், தேங்காய்ப்பால் கரைத்து ஊற்றும் 'பான் சேயோ' தோசைக்கும் அப்பத்துக்கும் நடுவில். இறால், பன்றி போடாமல் கேட்க வேண்டும். டின்பால் விட்ட கோப்பிக்கு எனக்கு ஆசை.

காசு எண்ணுவதில் ஒரு எச்சரிக்கை: 20,000 டொங் தாளும் 5 இலட்சம் டொங் தாளும் இரண்டுமே நீலம். அவசரத்தில் மாறிக் கொடுத்தால் போனதுதான். அக்கா இரண்டுக்கும் இரண்டு பணப்பை என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த வேளையில் ஒன்று வந்தது. வியட்நாமில் விடுதிக்காரர் தங்குவோர் விபரத்தைப் பதிய வேண்டும், கடவுச்சீட்டை வாங்குவார்கள் என்று சாதாரணமாகச் சொன்னேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. குவைத்தில் இறங்கிய அன்று வீட்டுக்காரர் கைநீட்டி வாங்கிய கடவுச்சீட்டை அவர் மறுபடி கண்டது திரும்பி வரும் நாளில். "எவ்வளவு நேரம் வைச்சிருப்பினம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை பட்டியல் போட்டவள் இதை யோசிக்கவில்லை.

நான்கு விடுதிகளுக்கும் எழுதிக் கேட்டேன். மூன்று விடுதிகள், பிரதி எடுத்துக்கொண்டு நின்ற நிலையிலேயே திருப்பித் தருவதாகப் பதில் போட்டன. நான்காவது, வெளியேறும் வரை தங்களிடம் இருக்கும் என்றது. அதை இரத்துச் செய்துவிட்டு வேறு பார்த்தேன். பதில்களைத் தமிழில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மெசினில் போய் உட்கார்ந்தார்.

பருத்தித் துணியில் இரண்டு பைகள், சட்டைக்குள் கழுத்தில் மாட்ட. உள்தையல் இரட்டை. எனதைப் போட்டுப் பார்த்தேன், பட்டி கொஞ்சம் நீளம்.

"கழற்றித் தா, சுருக்கித் தாறன்" என்றார்.