நாள் குறிப்பவர் யார்?

மாணவர்களே! நம் பிரேசர் டவுனுக்கு வடமேற்கே, நியூ பி.இ.எல். சாலையில் இஸ்ரோவின் தலைமையகம் உள்ளது. மனிதரை விண்ணுக்கு அனுப்பவென்றே 2019இல் தொடங்கப்பெற்ற மையமும் இந்நகரில்தான் இயங்குகிறது. ஆகவே, 'ககன்யான் ஏன் இன்னும் புறப்படவில்லை?' என்னும் வினா நமக்கு அயலார் வினா அன்று.

2018 ஆகஸ்டு 15 அன்று செங்கோட்டையில் உரையாற்றிய பிரதமர், விடுதலையின் 75ஆம் ஆண்டான 2022க்குள் நம் நாட்டு விண்கலத்தில் இந்தியர் விண்வெளி செல்வர் என அறிவித்தார். அவ்வாண்டு கடந்தது, பின்னர் 2027 எனப்பட்டது. இத்தாமதத்தை எள்ளி நகையாடுவோர் பலர். நான் அவர்களோடு உடன்படேன். தாமதம் குறையன்று, திருமணத்திற்கு முகூர்த்தம் பார்ப்பதுபோல் விழாவை ஒட்டி நாள் குறித்ததே குறை.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். கடுங்குளிரில் உந்துகலத்தின் இரப்பர் வளையங்கள் இறுகிவிடக்கூடும் என்று பொறியாளர் முந்திய இரவே எச்சரித்தனர். ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போன பயணம் அது. எச்சரிக்கை ஏற்கப்படவில்லை. புறப்பட்ட 73 நொடிகளில் சேலஞ்சர் விண்ணோடம் சிதறியது, எழுவரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியை என்பதை ஆசிரியனாகிய என்னால் எளிதில் கடந்துபோக இயலவில்லை.

ஸ்ரீஹரிகோட்டாவில் 2023 அக்டோபர் 21 அன்று நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. ஏவூர்தி பழுதுற்றால் வீரர் அமரும் கூண்டைப் பிரித்துக் காக்கும் அமைப்பிற்கு அன்று சோதனை. கூண்டில் எவரும் இல்லை. நாடே பார்த்திருக்க, புறப்பட 5 நொடிகள் இருக்கையில் கணினி ஏவுதலை நிறுத்தியது. குறையைக் கண்டறிந்து சரிசெய்து, காலை 10 மணிக்கு ஏவினர். கூண்டு வான்குடைகளின் துணையால் வங்கக் கடலில் இறங்கியது. அந்த நிறுத்தத்தையே அன்றைய பெருஞ்சிறப்பு என்பேன்.

சந்திரயான்-3 ஆளின்றியே நிலவில் இறங்கியபோது மனிதரை அனுப்புவது எதற்கு என்று கேட்போரும் உளர். விண்வெளி நிலையத்தின் முதற்பகுதியையும் சேர்த்து ககன்யானுக்கு 2024இல் ஒதுக்கப்பட்ட மொத்தத் தொகை 20,193 கோடி ரூபாய். அத்தொகையைக் கருதினால் அக்கேள்வி நியாயமானதே. ஆயினும், எதிர்பாராதது நேர்ந்தால் அங்கேயே சிந்தித்துச் செயலாற்றும் ஆற்றல் மனிதனுக்கே மிகுதி என்பது என் கருத்து.

2035இல் விண்வெளி நிலையம், 2040இல் நிலவில் இந்தியர் என அரசு இலக்குகளை வகுத்துள்ளது. இலக்கை வகுத்தலும் பொருள் வழங்கலும் அரசின் கடமை. சோதனை முடிவுகளை, தோல்வி உட்பட, மக்களுக்கு அறிவித்தலும் அதன் கடமையே. புறப்படும் நாளைமட்டும் பொறியாளர் குறிக்கட்டும்.

உங்களுள் சிலருடைய தாத்தா பாட்டியின் ஊர் நெல்லைச் சீமையில் இருக்கலாம். அங்குள்ள மகேந்திரகிரியில்தான் ககன்யானின் கிரையோஜெனிக் எஞ்சினைச் சோதித்தனர். மனிதரைச் சுமக்கத் தகுதிபெற அது குறைந்தது 6,350 நொடிகள் எரிந்து காட்டவேண்டும் என்பது விதி. நான்கு எஞ்சின்களை 39 முறை இயக்கி, 8,810 நொடிகள் எரித்துப் பார்த்த பின்னரே, 2024 பிப்ரவரியில் அதற்குத் தகுதி வழங்கினர்.