சேகரிப்பு வேறு, சேமிப்பு வேறு

ஜப்பானியச் சிறுவர்களின் விளையாட்டுப் பொருளான ‘மென்கோ’ அட்டைகளை இன்று பெரியவர்கள் விலை கொடுத்துச் சேகரிக்கின்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பேஸ்பால் வீரர்களும் சுமோ மல்லர்களும் இத்தடித்த அட்டைகளில் வண்ண ஓவியங்களாக இடம்பெற்றனர். தன் அட்டையைத் தரையில் ஓங்கி அடித்து, எதிராளியின் அட்டையைப் புரட்டியவனுக்கே அது சொந்தம். ஆதலால் முனை மழுங்காமல் எஞ்சியவை சிலவே. 868 ஹோம் ரன்கள் அடித்த சதஹாரு ஓவின் அட்டை எனில் நாட்டம் இன்னும் மிகுதி.

ஆயினும் இதனை முதலீடு என்று கொள்வது பொருந்தாது. வைப்புநிதி வட்டி ஈட்டும், அட்டை ஈட்டாது. வாங்குவோர் கிடைத்தால்தான் அதற்கு விலை. பல அட்டைகளில் ஆண்டோ வெளியிட்டவர் பெயரோ இல்லாமையால் மதிப்பிடுவதும் எளிதன்று. அவசரகால இருப்பைத் தொடாமல், கடன் பெறாமல், இழந்தாலும் குடும்பம் தளராத தொகைக்குள் வாங்குவதே முறை. ரசித்து வாங்கியவருக்கு, விலை சரிந்தாலும் ஓவியம் கையில் இருக்கும்.