இலங்கைத் தோட்டங்களில் நம் சகோதரிகள்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் ஸ்திரீகளே. தமிழ்நாட்டினின்று கூலிகளாய்க் கொண்டு செல்லப்பட்டோரின் வழிவந்தவர். அத்தொழிலின் லாபம் அவர்கள் கை உழைப்பில் விளைந்தது. ஆயினும் 1927-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ், ஆணினும் பெண்ணுக்குக் குறைந்த கூலியே விதிக்கப்பட்டது. அவர்கள் சமகூலி பெற 1984 வரை காத்திருந்தனர். 1948-ல் பறிக்கப்பட்ட பிரஜா உரிமை எஞ்சியோர்க்குக் கிட்டவோ 2003 ஆயிற்று.

சட்டம் சமமானால் போதுமா? குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிடில் பல தோட்டங்களில் முழுக்கூலி இல்லை. வேலையை மேற்பார்ப்பவரும், கொழுந்தை நிறுப்பவரும், சங்கத்தில் அவர்களுக்காகப் பேசுபவரும் பெரும்பாலும் ஆண்களே. தராசருகிலும், கூலிப் பேச்சு நடக்குமிடத்திலும் அச்சகோதரிகளே இருத்தல் வேண்டும். அவர்களிடம் சந்தா பெறும் சங்கங்கள் இதில் இனியும் தாமதித்தல் தகாது.