பினாங்கு – சென்னை: தூரம் அதேதான், குறைந்தது அலைச்சல்

பினாங்கு: ராஜுலா கப்பலில் வந்த தலைமுறைக்கு மலாயாவின் முதல் துறைமுகம் பினாங்குதான். வான்வழியிலும் கோலாலம்பூரைவிட அது தமிழகத்திற்கு அருகில் உள்ளது. பாயான் லெப்பாசிலிருந்து சென்னை ஏறக்குறைய 2,370 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து 2,630 கிலோமீட்டர். ஆனாலும் கெடா, செபராங் பிறை, வட பேராக் தமிழர்கள் பல ஆண்டுகளாகத் தெற்கே கோலாலம்பூர் வரை போய்த்தான் விமானம் ஏறினர்.

2024 டிசம்பர் 21இல் இண்டிகோ நேரடிச் சேவையைத் தொடங்கியபோது இந்த நிலை மாறியது. பறக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மணி. கோலாலம்பூரிலிருந்து பறந்தாலும் பெரிய வேறுபாடில்லை. மிச்சமாவது நெடுஞ்சாலையில் கழியும் நான்கைந்து மணி நேரமும் பேருந்துச் செலவும்தான். ஊரில் இறப்பு என்று தகவல் வந்தால், கடைசியாக முகம் பார்க்க முடியுமா என்பதை அந்த நேரமே முடிவு செய்கிறது.

டிக்கெட்டில் உள்ள நேரம் பலரைக் குழப்புகிறது. இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியது. அதனால் போகும்போது ஒன்றரை மணிப் பயணம் போலவும், திரும்பும்போது ஆறரை மணிப் பயணம் போலவும் தெரியும். இரண்டும் ஒரே தூரம்தான்.

எல்லாருக்கும் சென்னை வழி லாபமில்லை. சென்னையிலிருந்து திருச்சி சாலை வழியே 330 கிலோமீட்டர். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கம் உறவினர் உள்ளவர்களுக்குக் கோலாலம்பூர் – திருச்சி நேரடி விமானமே வசதியாக இருக்கலாம். வீட்டு வாசலிலிருந்து ஊர் வாசல் வரை ஆகும் நேரத்தைக் கூட்டிப் பார்த்து டிக்கெட் எடுப்பதே புத்திசாலித்தனம்.

வடக்கு மாநிலத்தார் ஒன்றை மறக்கக்கூடாது. இருக்கைகள் நிரம்பினால்தான் எந்த நேரடிச் சேவையும் நிலைக்கும்.