பைண்டு புத்தகம்

வார இதழ்களில் வரும் தொடர்கதையைப் பிரித்தெடுத்துப் பைண்டு செய்து வைக்கும் வழக்கம் ஒருகாலத்தில் நம் வீடுகளில் இருந்தது. பத்திரிகை தெருவில் நாலு வீடு சுற்றித் திரும்பியதும், பின்னைக் கழற்றி அந்தப் பக்கங்களை மட்டும் உருவி அடுக்குவார்கள். தொடர் முடிந்தால் பைண்டர் கடைக்குப் போகும். 1950இல் தொடங்கி 1954 வரை கல்கியில் ஓடிய ‘பொன்னியின் செல்வ’னை இப்படிச் சேர்த்தவர்கள் ஏராளம். அச்சுப் புத்தகம் பிறகு கடைக்கு வந்தாலும் பைண்டு புத்தகத்தின் மவுசு தனி. வாராவாரம் வந்த ஓவியங்கள் அதில் அல்லவா இருக்கின்றன!

என் அம்மாவிடம் இருந்தது ‘தில்லானா மோகனாம்பாள்’. கலைமணி என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதியது. படங்கள் கோபுலு. 1968இல் வந்த சிவாஜி, பத்மினி சினிமாவில் அம்மாவுக்கு முழுத் திருப்தி கிடையாது. கோபுலு போட்ட மோகனா வேறு என்பார். வீடு மாறியதில் அந்தப் புத்தகம் தொலைந்தது. இரவல் வாங்கிப்போன பக்கத்து வீட்டுக்காரர் மேல் அம்மாவுக்கு இன்றும் சந்தேகம்.

எப்போதோ டீக்கடையில் போகிறபோக்கில் இதை நண்பனிடம் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. போன மாதம் கூரியரில் ஒரு பொட்டலம். உள்ளே அதே தொடர், யார் வீட்டுப் பரணிலோ இருந்த பைண்டு. முதல் பக்கத்தில் முகம் தெரியாத ஒருவரின் கையெழுத்து. நடுவில் சில வாரங்கள் இல்லை. அந்த இடங்களுக்கு எங்கிருந்தோ ஜெராக்ஸ் எடுத்து, முதுகைப் பிரித்து, சேர்த்துத் தைக்கச் சொல்லியிருக்கிறான். பழுப்புத் தாள்களுக்கு நடுவே அந்த வெள்ளைத் தாள்கள் பளிச்சென்று தெரிகின்றன. எனக்குப் பிடித்ததே அவைதாம். பழைய புத்தகம் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். விடுபட்ட வாரங்களைத் தேடி அலைய யாருக்குத் தோன்றும்?

அம்மா கதைக்குள் இன்னும் போகவில்லை. பக்கங்களின் பின்புறம் இருக்கும் துணுக்குகளிலும் விளம்பரங்களிலும் நின்றுவிட்டார். தலைவலித் தைல விளம்பரத்தைக் கூட உரக்கப் படித்துக் காட்டுகிறார்.

நண்பனும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. தேர்தல் வந்தால் எதிரெதிர் கட்சி. முடிவு வரும்வரை பேச்சுவார்த்தை இருக்காது. அப்பா இறந்த அன்று நான் திகைத்து உட்கார்ந்திருக்க, ஐஸ் பெட்டிக்குச் சொல்லி, சாமியானா ஆளிடம் பேரம் பேசி, வந்தவர்களுக்குக் காபி கொடுத்தது அவன்தான். அதற்கும் நான் நன்றி சொன்னதில்லை. இந்தமுறை போனில் சொல்லிப் பார்த்தேன்.

“என்னடா, பேங்க் மேனேஜர்கிட்ட பேசுற மாதிரி பேசுற? அம்மாகிட்ட போனைக் குடு.”

கொடுத்தேன். இருவரும் கதையில் வரும் வைத்தியை வெகுநேரம் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவேதான் இங்கே எழுதுகிறேன்: நன்றிடா. இதைப் படித்ததும் போன் செய்வான். டீக்கடை இல்லை, பஸ் ஸ்டாண்டு என்று திருத்துவான்.